ஆரியங்காவு ஏற்றத்தில் ஸ்டார்ட் ஆகாத லாரி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744-இல், செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை வந்ததும் மலை ஆரம்பித்துவிடும். எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல் கடந்தால் கேரளம். அப்புறம் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று புனலூர் வரை பெரும்பாலும் இறக்கம். பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்துக் காய்கறி கொல்லத்துக்குப் போகும் வழி இதுதான். எங்கள் பட்டறை செங்கோட்டையில் இந்தச் சாலையை ஒட்டி இருக்கிறது. ஏற்றத்தில் சூடாகும் வண்டி, இறக்கத்தில் பிரேக் காய்ந்த வண்டி எல்லாம் முதலில் எங்களிடம்தான் வரும்.

இங்கே எழுதுவது ஒரு காய்கறி லாரியைப் பற்றி. 2009 மாடல், ஆறு சிலிண்டர், டர்போ, சிலிண்டர்களுக்கு டீசல் அனுப்ப இன்லைன் பம்ப், 24 வோல்ட். கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்கேனர் மாட்ட இடமும் கிடையாது. முதலாளிக்கு மொத்தமே இரண்டு லாரி. டிரைவர் இந்த மலைப்பாதையில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். கிளீனர் ஆரியங்காவுப் பக்கத்துத் தமிழ்ப் பையன், பத்தொன்பது வயது இருக்கும்.

லாரியின் நடைமுறையையும் சொல்லிவிட வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. மாலையில் லோடு ஏற்றி, செங்கோட்டையில் டீசல் அடித்து, இரவில் மலை தாண்டி, விடியுமுன் கொல்லத்தில் இறக்குவார்கள். திரும்பும்போது வாரத்தில் இரண்டு நாளாவது ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் தடி ஏற்ற வேண்டியிருக்கும். அந்த நாட்களில் இரவு அங்கேயே சாலையோரம் நிறுத்திப் படுத்துவிட்டு, காலையில் லோடு ஏற்றிக் கிளம்புவார்கள். கேரளத்தில் டீசல் விலை நம் பக்கத்தைவிடக் கூடுதல். 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வேறு சேர்ந்தது. அதனால் போகவர ஆகும் அளவை நம் பக்கமே அடித்துக்கொள்வார்கள். ஆரியங்காவில் நிற்கும் இரவில் டேங்கில் கால் பாகம்தான் மிஞ்சியிருக்கும்.

புகார்

ஜூன் இரண்டாம் வாரத்தில் முதலாளி போன் செய்தார். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்றார். முதலில் ஒரே அடியில் எடுத்து, பத்து விநாடி ஓடி, தானாக நின்றுவிடுமாம். அப்புறம் நீளமாகச் செல்ஃப் அடித்தால் திணறித் திணறி எடுக்கும். பட்டறைக்கு வருவதற்குள் அந்த முதல் பத்து விநாடியும் போய்விட்டது. எடுப்பதே இல்லை.

தென்மேற்குப் பருவமழை இறங்கிய நேரம். குற்றாலத்தில் தண்ணீர் விழ, மலை முழுக்கச் சாரல். குளிரும் ஈரமும் சேர்ந்து வண்டியைப் பிடித்துக்கொண்டன என்று முதலாளி சொன்னார், நானும் மறுக்கவில்லை. டிரைவர் மட்டும் வேறு சொன்னார்: “அண்ணாச்சி, இந்தப் பக்கம் நின்னா ஒண்ணும் செய்ய மாட்டேங்கு. மலைக்கு அந்தப் பக்கம் நின்னாதான் எடுக்க மாட்டேங்கு. வண்டிக்குக் கேரளாத் தண்ணி ஒத்துக்கிடல போல.” எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

செய்த இரண்டு தவறுகள்

முதல் முறை லாரி வந்தபோது செல்ஃப் இழுத்துச் சுற்றியது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அமுக்கும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். சுற்றும் வேகம் குறைந்தால் அந்தச் சூடு வராது. ஆகவே பேட்டரி என்று முடிவு செய்து இரண்டையும் மாற்றச் சொன்னேன். ரூ. 24,000.

அன்று காலை அவர்கள் ஏறக்குறைய அரை மணி நேரம் விட்டுவிட்டுச் செல்ஃப் அடித்திருக்கிறார்கள் என்பதை நான் கேட்கவில்லை. அப்படி அடித்தால் நல்ல பேட்டரியும் சோர்ந்துதான் போகும். வண்டி எடுக்காததால் பேட்டரி இறங்கியது. நான் அதைத் தலைகீழாகப் படித்தேன். பழைய பேட்டரிகளை ஒரு இரவு சார்ஜில் போட்டு, செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் பார்த்திருந்தால் போதும். பழையதைக் கடையில் கொடுத்துப் புதிது வாங்கிவிட்டதால், அவை உண்மையில் எப்படி இருந்தன என்பதற்கு இனி விடை இல்லை.

புது பேட்டரியோடு போன லாரி நான்கு நாளில் அதே புகாரோடு திரும்பியது. இந்த முறை செல்ஃப் ஜோராகச் சுற்றியது, ஆனால் வண்டி எடுக்கவில்லை. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு நாசிலையும் கழற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பினேன். இரண்டில் திறக்கும் அழுத்தம் குறைவாக இருந்தது, சரிசெய்து வந்தன. ரூ. 6,800. வண்டி ஓடும்போது புகை கொஞ்சம் குறைந்தது, இழுவையும் தேறியது. அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்தேன். நாசில் வேலை தேவையில்லாத வேலை என்று சொல்ல மாட்டேன். புகாருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான்.

பின்னோக்கி உருட்டிய காலை

ஜூலை முதல் வாரம். ஆரியங்காவில் லாரி மறுபடி எடுக்கவில்லை. டிரைவர் ஏற்கெனவே ஒருமுறை ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டி எடுத்திருக்கிறார். அதை அப்போதுதான் எங்களிடம் சொன்னார். இன்ஜினுக்கும் கைக்கும் ஆபத்தான வேலை அது. அன்று துணியும் உதவவில்லை. வண்டி ஏற்றம் பார்த்து நின்றது. ரிவர்ஸ் கியரைப் போட்டு, பின்னால் உருளவிட்டு, கிளட்ச்சை விட்டால் எடுத்துவிடும் என்று உருட்டியிருக்கிறார்.

இன்ஜின் ஓடாமல் கம்ப்ரஸர் ஓடாது. இரவு முழுவதும் கசிந்து மிச்சம் இருந்த காற்றில்தான் பிரேக் பிடிக்க வேண்டும். இரண்டு மிதியில் காற்றழுத்த முள் இறங்கிவிட்டது. பவர் ஸ்டீயரிங்கும் இல்லாததால் வளையம் கல்லாகிவிட்டது. கிளீனர் பின்சக்கரத்துக்குக் கட்டை போட, வண்டி ஓடை ஓரத்தில் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பையனின் வலது கை விரல் நகம் ஒன்று மட்டும் கட்டைக்கும் சாலைக்கும் நடுவில் மாட்டிக் கறுத்துப்போயிருந்தது.

அன்று மாலை முதலாளியிடம், காரணம் தெரியும்வரை லாரியை வெளியே விட வேண்டாம் என்றேன். மூன்று நாள் வாடகை போகும் என்று முதலில் தயங்கினார். பையன் விரலைக் காட்டியதும் சரி என்றார்.

இந்த முறை கேட்டது

வண்டியைத் தொடுவதற்கு முன் டீ வாங்கிக் கொடுத்து மூன்று பேரையும் உட்கார வைத்தேன். முதலில் செய்திருக்க வேண்டியது இதுதான்.

எடுக்காத நாட்களை டிரைவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். எல்லாமே ஆரியங்காவு. புளியரையிலும் சில இரவு நிறுத்தியிருக்கிறார், அங்கேயும் வண்டி ஏற்றம் பார்த்துத்தான் நிற்கும். ஆனால் அங்கே எடுத்திருக்கிறது. என்ன வித்தியாசம்? புளியரையில் நிற்பது போகும்போது, ஆரியங்காவில் நிற்பது வரும்போது. “டேங்கு நெறஞ்சு கெடந்தா ஒரே அடில எடுத்துரும் அண்ணாச்சி” என்று அவரே சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டுத் தானே நிமிர்ந்தார்.

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா என்று கேட்டேன். வரவே இல்லை என்றார்கள் இருவரும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். சூடு போதவில்லை, கம்ப்ரஷன் இல்லை, டைமிங் பின்னால் இருக்கிறது என்று தேடலாம். புகையே இல்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை. இந்த ஒரு பதில் ஜூனிலேயே கிடைத்திருந்தால் பேட்டரி, நாசில் இரண்டும் பட்டியலைவிட்டுப் போயிருக்கும். ஆரியங்காவின் ஜூலை விடியற்காலை ஒன்றும் பெரிய குளிர் இல்லை. ஜனவரியில் ஊட்டியில் புல் மேல் பனி உறையும் காலையிலேயே லாரிகள் எடுக்கின்றன.

அதுவரை பேசாமல் இருந்த கிளீனர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. டீசல் அடித்த அன்று மட்டும், சேஸிஸ் ஓரமாக வரும் டீசல் ஹோஸில் ஒரு இடத்தில் புழுதி ஈரமாக ஒட்டியிருக்கும். மறுநாள் காய்ந்துவிடும். “ஒழுகல அண்ணே, வேர்த்த மாதிரி இருக்கும்” என்றார்.

கடைசியாக, இந்தத் தொல்லை தொடங்குமுன் வண்டியில் கடைசியாகக் கைவைத்தது எப்போது என்று கேட்டேன். மே மாதக் கடைசியில், வழியில் ஒரு பட்டறையில் டீசல் ஃபில்டர் மாற்றியிருக்கிறார்கள். அப்போது டேங்கிலிருந்து வரும் ஹோஸில் ஒரு துண்டையும் மாற்றியிருக்கிறார்கள். மழையும் அந்த வேலையும் ஒரே வாரத்தில் வந்ததால் பழி மழைமேல் விழுந்துவிட்டது.

சோதனைகள்

டீசல் வரும் வழி இது: டேங்கின் அடிவரை போகும் உறிஞ்சு குழாய், சேஸிஸ் ஓரமாக ஹோஸ், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப், இரண்டு ஃபில்டர், பிறகு பெரிய பம்ப் (இன்லைன் பம்ப்). ஃபீட் பம்புக்கு அப்புறம் உள்ள பகுதியில் டீசல் தள்ளப்படுகிறது, அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும். ஃபீட் பம்புக்கு முன்னால் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி நின்றபின் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, குழாயில் நின்ற டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். எவ்வளவு இறங்கும் என்பது டேங்கில் டீசல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த லாரியில் டேங்கின் உயரம் ஏறக்குறைய 2 அடி. இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் நிறுத்தினால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் உள்ள 10 அடிக்கு அரை அடி உயரம்தான் கூடும். ஆகவே ஏற்றத்தைவிட டேங்கின் மட்டமே பெரிய விஷயம். புளியரையில் எடுத்ததும் ஆரியங்காவில் எடுக்காததும் இதனால்தான். டேங்க் நிறைந்திருந்தபோது டீசல் ஓட்டை மட்டத்துக்கு மேல் நின்றதால் வேர்வைபோல் வெளியே கசிந்திருக்கிறது.

இது யூகம். நிரூபிக்க வேண்டும். முதலில் பேட்டரியை அளந்தோம்: சும்மா இருக்கும்போது 25.3 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 20.8. எர்த் வயரில் இழப்பு 0.3 வோல்ட். குறை இல்லை. இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள் முழுக்கத் திரும்புகிறதா என்றும் பார்த்தோம், திரும்பியது.

முதல் இரவு, டேங்கில் கால் பாகம் வைத்து, முன்சக்கரங்களை ஒரு அடி மேட்டில் ஏற்றி நிறுத்தினோம். ஃபீட் பம்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் மாட்டினோம். நிறுத்தும்போது அதில் டீசல் நிறைந்து நின்றது. இன்ஜின் ஓடும்போதே கடுகு அளவு குமிழிகள் ஒன்றிரண்டு ஓடுவதைப் பார்க்க முடிந்தது. ரேஸ் கொடுத்தால் மிளகு அளவுக்குப் பெருத்தன. காலையில் குழாய் காலி. செல்ஃப் அடித்தோம், எடுக்கவில்லை, புகையும் இல்லை. ஒரு நாசில் பைப் நட்டைத் தளர்த்தி அடித்தபோது டீசல் துடிக்கவில்லை, நுரைதான் வந்தது. (இது இன்லைன் பம்ப் வண்டி. கம்ப்யூட்டர் வைத்த காமன் ரெயில் வண்டியில் இந்த வேலையைச் செய்யவே கூடாது, 1,000 பாருக்கு மேல் வரும் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.) ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் திறந்து கையால் டீசலை ஏற்றும் பிரைமரை அடித்தோம். முப்பது, நாற்பது அடி வரை நுரை, பிறகு சுத்தமான டீசல். ஸ்க்ரூவை இறுக்கிச் செல்ஃப் தொட்டதும் எடுத்துவிட்டது.

இரண்டாவது இரவு, டேங்கையும் அந்த ஹோஸையும் விட்டுவிட்டு, ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கேபின் ஓரத்தில் உயரமாகக் கட்டி, புதுக் குழாய் வழியாக நேரே ஃபீட் பம்புக்குக் கொடுத்தோம். அதே மேடு. காலையில் முதல் தொடலிலேயே எடுத்தது. இன்ஜின், பெரிய பம்ப், நாசில், பேட்டரி நான்கும் குற்றமற்றவை. பழுது டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்.

கண்டது

கிளீனர் காட்டிய இடத்தில் கிளிப்பைக் கழற்றினோம். மாற்றிப் போடப்பட்டிருந்த துண்டு டீசலுக்கான ஹோஸே இல்லை, தண்ணீருக்குப் போடும் சாதாரண ரப்பர். டீசலில் ஊறி உள்பக்கம் வீங்கி, வெளிப்பக்கம் காய்ந்த பிரட் ஓரம்போல் விறைத்திருந்தது. கிளிப் இறுகிய வட்டத்துக்குச் சரியாக அடியில், நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு. நேராகப் பிடித்தால் தெரியாது. லேசாக வளைத்ததும் உதடு திறப்பதுபோல் திறந்தது. விரலால் உள்ளே தடவினால் கறுப்புப் பொடி ஒட்டியது. ஃபீட் பம்ப் வாயில் பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருந்ததையும் பார்த்தோம். அதில் பழைய தடம் பள்ளமாக இருந்தது, அதுவும் காற்று இழுத்திருக்கலாம்.

ஹோஸ் முழு நீளமும் டீசல் தரத்தில் மாற்றி, இரண்டு பக்கமும் புதுக் கிளிப், புது வாஷர். மறுநாள் காலை எடுத்தது, ஆனால் முதல் சில விநாடி தடுமாறியது. முடிந்தது என்று கை கழுவியிருக்கலாம். அந்தப் பொடி என் மனத்தைவிட்டுப் போகவில்லை. ஃபீட் பம்பைத் திறந்தோம். அதன் உள்ளே டீசலைத் திரும்ப விடாமல் தடுக்கும் இரண்டு சிறு வால்வுகளில் ஒன்றின் அடியில் கடுகில் பாதி அளவுக்கு ரப்பர்த் துணுக்கு. அந்த ஹோஸிலிருந்து உரிந்து வந்தது. ஜூன் தொடக்கத்தில் பத்து விநாடி ஓடி நின்ற வண்டி, பிறகு அதுவும் ஓடாமல் போனது ஏன் என்று அப்போது விளங்கியது. முதலில் ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள டீசல் மட்டும் இறங்கியது. ஃபில்டரிலும் பெரிய பம்பிலும் நின்ற மிச்சத்தில் பத்து விநாடி ஓடியது. வால்வில் துணுக்கு சிக்கியபின் அந்த மிச்சமும் இரவில் இறங்கியது. வால்வைக் கழுவிப் பார்த்தோம், உட்காரும் இடத்தில் கீறல் இல்லை. அப்படியே போட்டோம்.

தடுப்பு வால்வு ஏன் போடவில்லை

டிரைவருக்குத் தெரிந்த ஒருவர், ஹோஸில் டீசலைத் திரும்ப விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வை மாட்டினால் போதும், நூற்றைம்பது ரூபாயில் முடியும் என்றிருக்கிறார். மாட்டினால் காலையில் எடுக்கத்தான் செய்யும். ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும், ஓடும்போது காற்று வந்துகொண்டே இருக்கும். லோடோடு எஸ் வளைவில் இழுவை விட்டுப்போகும்போது, அது எங்கிருந்து வருகிறது என்று தேட முடியாமல் போகும். முதலாளி இதை உடனே ஏற்றுக்கொண்டார். ஏற்கெனவே செலவழித்திருந்த தொகைக்கு முன் இது சின்னப் பேச்சு.

பிறகு நடந்தது

கடைசி வேலைக்குப் பொருள் செலவு ரூ. 640, கூலி ரூ. 1,500. நாசில் கழற்றி மாட்டிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். பேட்டரிக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

லாரி அதே வாரம் ஓடத் தொடங்கியது. டிரைவர் வேண்டுமென்றே ஆரியங்காவில் அதே இடத்தில், அதே கால் டேங்கோடு, மூக்கை மேலே வைத்து நிறுத்திப் பார்த்திருக்கிறார். எடுத்திருக்கிறது. மழை முடியும்வரை புகார் இல்லை. செப்டம்பரில் ஒரு காலை போன் வந்தது, எடுக்கவில்லை என்று. நெஞ்சு திக்கென்றது. ஸ்டாப் கேபிள் பாதியில் சிக்கி, பம்ப் லீவர் நிறுத்தும் நிலையிலேயே நின்றிருக்கிறது. போனிலேயே சொன்னேன், கிளீனர் கையால் தள்ளிவிட, எடுத்துவிட்டது. அந்தக் கேபிளை ஜூலையிலேயே மாற்றியிருக்கலாம். திரும்புகிறது என்று பார்த்தோமே தவிர, தயக்கத்தோடு திரும்புகிறதா என்று பார்க்கவில்லை.

இப்போது மாற்றிக்கொண்டிருப்பது

ஸ்டார்ட் புகாரோடு வண்டி வந்தால், எங்கே எப்படி நிறுத்தியிருந்தீர்கள், டேங்கில் எவ்வளவு இருந்தது, புகை என்ன நிறம், கடைசியாக யார் எதைத் தொட்டார் என்று கேட்ட பிறகுதான் ஸ்பேனர் எடுக்கிறோம். முதலாளி சொல்வதை ஒரு காதில் வாங்கிக்கொண்டு, டிரைவரையும் கிளீனரையும் தனித்தனியாகக் கேட்கிறோம். மூவரும் ஒன்றாக நின்றால் கிளீனர் வாய் திறப்பதில்லை. இறங்கிய பேட்டரியை ஒரு இரவு சார்ஜ் போட்டு அளக்காமல் மாற்றச் சொல்வதில்லை. அவசர டிரிப் இருக்கும் வண்டிக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை, இரண்டு பேர் வேறு பட்டறைக்குப் போயும் விட்டார்கள்.

அந்தக் கண்ணாடிக் குழாய்த் துண்டைக் கிளீனர் கேட்டு வாங்கிக்கொண்டார். லாரியின் டூல் பெட்டியில், ஜாக்கி கம்பிக்குப் பக்கத்தில், ஒரு பழைய துணியில் சுற்றிவைத்திருக்கிறார்.